ஆடை அளக்கும் வாயில்

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். ஆலய வாயிலுக்கு வந்தால் அந்தக் கணக்கும் மாறிவிடுகிறது. அங்கே ஆடைதான் முழுதும். ஆளுக்கு மதிப்பு அணுவளவும் இல்லை!

தென்னாட்டுக் கோயில்களையும் காட்சிக்குரிய இடங்களையும் காண வருவோருக்கென்று எத்தனையோ வழிகாட்டி ஏடுகள் எழுதப்படுகின்றன. என்ன உண்பது, எங்கே தங்குவது என்பவற்றோடு என்ன உடுப்பது என்பதற்கும் அவற்றில் ஓர் அதிகாரம் உண்டு. வாயில்தோறும் பலகைகளும் தொங்குகின்றன. பக்தன் படிக்கும் பாசுரத்தைவிட, பலகையில் உள்ள பட்டியலைப் படிப்போர் தொகை இன்று மிகுதி. காவியத்தையும் நாடகத்தையும் திறனாய்வு செய்வது போல, இந்தப் பட்டியலையும் ஏன் திறனாய்வு செய்யலாகாது? நாள்தோறும் மக்களுக்குப் பாடம் புகட்டும் எழுத்து எதுவாயினும், அது ஆய்வுக்குரியதே.

எண்ணூர்ப் பக்கத்து ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் தோழர் ஒருவர் எனக்கு உண்டு. அவருடைய அன்னையார் ஒரு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். மகனுக்கும் எனக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆயினும் முதுமையுற்ற தாயைத் தனியே அனுப்ப மனம் வரவில்லை. மூவரும் இரவுப் பேருந்தில் புறப்பட்டுத் தெற்கே ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். தோழர் குளித்தார், பொங்கலுக்கு வாங்கிய புதுக் கைலியை உடுத்தார், வெளுத்த சட்டையை அணிந்தார். வாயிற்காவலர் கை நீட்டித் தடுத்தார். பலகையைக் காட்டினார்.

காவலரைக் குறை கூறவில்லை. அவரும் கூலிக்கு நிற்பவர்தாம். பத்தடி தொலைவில் ஒரு கடை. அங்கே வேட்டி வாடகைக்குக் கிடைத்தது. முப்பது ரூபாய் கொடுத்தோம். காலையிலிருந்து எத்தனை இடுப்பைச் சுற்றி வந்த வேட்டியோ, அழுக்கேறிக் கசங்கிக் கிடந்தது. அதனைத் தமது புதுக் கைலியின் மேலேயே சுற்றிக்கொண்டார் தோழர். காவலர் தலையசைத்தார். கதவு திறந்தது!

தூய துணி உள்ளே மறைந்தது. அழுக்குத் துணி வெளியே தெரிந்தது. ஆசாரம் நிறைவு பெற்றது! தோழரின் அன்னையார் மட்டும் திரும்பி வரும் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்: "பெத்தவளுக்குப் புள்ள எந்தத் துணியில வந்தாலும் அடையாளம் தெரியுது. சாமிக்கு மட்டும் தெரியாமலா போகும்?"

பள்ளிக்கூடம் பார்த்தறியாத மூதாட்டி கேட்ட அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டியல் பிறந்த கதை

2015-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், தனி நீதிபதி ஒருவர் ஆணையொன்று பிறப்பித்தார். வழக்கு என்ன என்று கேட்டால் வியப்படைவீர்கள். திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், குடமுழுக்கை ஒட்டிக் கலைநிகழ்ச்சி நடத்த இசைவு கேட்டு வந்த வழக்கு அது. மேடையில் ஆடுவது பற்றிக் கேட்டார்கள். கோயிலுக்குள் உடுப்பது பற்றி விடை கிடைத்தது! ஆடவர் வேட்டி அல்லது பைஜாமாவுடன் மேலாடை, அல்லது அலுவலகப் பாங்கான காற்சட்டையும் சட்டையும் அணிந்து வரலாம். பெண்டிர் புடவை, தாவணி, அல்லது மேலாடையுடன் சுடிதார் அணியலாம். சிறுவர்கள் உடல் முழுதும் மூடிய உடை அணியலாம் என்பது அந்தப் பட்டியல். 2016 சனவரி முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அரசே மேல்முறையீடு செய்தது. அந்தத் திங்களிலேயே இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு இடைக்காலத் தடை விதித்தது.

தடை வந்தது, ஆனால் பட்டியல் மக்கள் மனத்தை விட்டுப் போயிற்றா? இல்லை. இப்போக்கு எல்லை கடந்தும் பரவியது. ஒரிசா மாநிலத்துப் பூரி சகந்நாதர் கோயிலில் 2024 சனவரியிலிருந்து ஆடைக் கட்டுப்பாடு. மும்பை சித்தி விநாயகர் கோயிலில் 2025-இல் அதே அறிவிப்பு. கிழிந்த காற்சட்டையும் குட்டைப் பாவாடையும் கடவுளுக்கு ஆகாவாம்!

இனிப் பட்டியலைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். மரபைக் காக்கவே இந்த ஏற்பாடு என்கிறார்கள். எந்த மரபு? பைஜாமாவும் சுடிதாரும் வடபுலத்திலிருந்து வந்தவை. காற்சட்டை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் கற்சிலைகளையும் உற்று நோக்குங்கள். இன்றைய இரவிக்கையை அங்கே தேடினால் கிடைக்குமா? கோயிலுக்குள் கல்லில் நிற்கும் மங்கை, இன்று உயிர்பெற்று வெளியே வந்து மீண்டும் உள்ளே நுழைய முயன்றால், வாயிற்காவலர் அவளையும் அல்லவா திருப்பி அனுப்புவார்!

சீமைக் காற்சட்டைக்கு இடம் உண்டு. சென்னைத் தறிக்காரன் நெய்த கைலிக்கு இடம் இல்லை. ஏன்? காற்சட்டை அலுவலகத்தின் உடை. கைலி அலைகடலில் வலை வீசுவோன் உடை, ஆலைக் கொதிகலன் அருகே வேகும் உழைப்பாளி, வீடு திரும்பி இளைப்பாறும்போது உடுக்கும் உடை. எனவே, பட்டியல் அளப்பது மரபை அன்று, வகுப்பை! பணிவை அன்று, பையின் கனத்தை!

துணி தந்த ஊர்

இந்த அவமதிப்பு வடசென்னையின் மகனுக்கு நேரும்போது அதில் ஒரு கொடுமையான நகை இருக்கிறது. காரணம், உலகிற்கு உடை கொடுத்த ஊர் இது.

கிழக்கிந்தியக் கும்பினி 1639-இல் சென்னைக் கடற்கரையில் கால் ஊன்றியது எதற்காக? கோயில் காண்பதற்கா? அல்ல, துணிக்காக! இப்பகுதியில் மலிவாகக் கிடைத்த பருத்தித் துணிக்காக. அத்துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடமே வண்ணாரப்பேட்டை. திருவொற்றியூர் அருகே காலடிப்பேட்டை என்றோர் இடம் இருக்கிறதே, அங்கே யாருடைய காலடி பட்டது என்று புராணம் தேடவேண்டாம். 1717 முதல் 1720 வரை சென்னையின் கவர்னராக இருந்த காலெட் என்பவர் நெசவாளரைக் குடியேற்றிய ஊர் அது. காலெட்டுப்பேட்டை, மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று.

அடுத்து வந்தது ஆலைக் காலம். பெரம்பூர்ப் பக்கத்துப் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் காக்கித் துணி, பட்டாளத்திற்கும் போலீசுக்கும் உடையாயிற்று. அந்த ஆலைத் தொழிலாளரைக் கொண்டே 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. அந்த ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. நெய்த கைகள் வேறு வேலை தேடிப் போயின.

நெய்தவன் பேரன், வெளுத்தவன் பேத்தி, இயந்திரத்தின் முன் நின்று கண்ணும் காதும் மங்கியவன் மகன்: இவர்களைப் பார்த்துத்தான் இன்று வாயிற்பலகை கேட்கிறது, 'உனக்கு உடுக்கத் தெரியுமா?' என்று!

மூடாதே என்றதும் அதே வாயில்

ஆடை குறைந்தால் ஆண்டவன் சினப்பான் என்போரைப் பார்த்து ஒரு கேள்வி. ஆடை கூடியதற்காகச் சினந்தது எந்த ஆண்டவன்?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம், 1956-க்கு முன் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கே நாடார் முதலிய சமூகப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவது குற்றமாகக் கருதப்பட்டது. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் அணியத் தொடங்கியபோது, சந்தையிலும் சாலையிலும் அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. 1820-களில் தொடங்கி 1859 வரை கலவரம், தீவைப்பு, வழக்கு! தோள்சீலைப் போராட்டம் என்று வரலாறு அதனைப் போற்றுகிறது. 1859-இல் மன்னர் ஓர் அறிக்கை விடுத்தார். அதிலும் வஞ்சகத்தைப் பாருங்கள்! மீனவப் பெண்கள் கட்டுவது போல் முரட்டுத் துணியால் மறைத்துக்கொள்ளலாம்; ஆனால் மேற்சாதிப் பெண்டிர் அணிவது போல் அணியக் கூடாதாம்! மானத்தை மூடுவதற்கு இசைவு. சமத்துவத்திற்கு மட்டும் தடை!

அன்று 'மூடாதே' என்றது தருமம். இன்று 'முழுதும் மூடு' என்பதும் தருமம். இரண்டுக்கும் இடையே ஒரு நூற்றாண்டும் அரை நூற்றாண்டுமே இடைவெளி. என்றுமுள்ள தருமம் இத்துணை விரைவாகவா உடை மாற்றும்?

ஆடவர் கதை வேறு. கேரளக் கோயில்கள் பலவற்றிலும், நம் குமரி மாவட்டத்துச் சில கோயில்களிலும், திருச்செந்தூரிலும், ஆடவர் சட்டையைக் கழற்ற வேண்டும். சிவகிரி மடத்தின் தலைவர், காவியுடுத்த துறவி, 2024-ஆம் ஆண்டின் இறுதி நாளில் இவ்வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றார். பூணூல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் இது என்பது அவருடைய வாதம். கேரள முதலமைச்சர் அதனை வரவேற்றார். நாம் சொன்னால் நாத்திகன் என்பீர்கள். நாராயண குருவின் மடமே சொல்கிறது, கேளுங்கள்!

பெண்களுக்கோ ஒரே மாநிலத்தில் ஒன்பது சட்டம். குருவாயூரில் 2007-இல் சுடிதாருக்கு இசைவு கிடைத்தது. திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலில் 2016 நவம்பர் இறுதியில் அதற்கு இசைவு தரப்பட்டது. டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதனை நீக்கியது. ஒரு வாரம் சுடிதாரைப் பொறுத்துக்கொண்ட தெய்வம், மறுவாரம் பொறுக்கவில்லை போலும்!

தோளில் துண்டு போட்டதற்காகவும், முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டியதற்காகவும் அடிபட்ட நம் முன்னோரை நினைத்துப் பாருங்கள். நாதசுரம் வாசிக்கும் கலைஞன், பெரிய மனிதர் முன் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற காலம் இருந்தது. அன்று துணி, சாதியின் அடையாளச் சீட்டு. அச்சீட்டைக் கிழித்தெறிந்த தலைமுறைக்குப் பிறந்தவர்கள், இன்று புதுச்சீட்டு வாங்க வரிசையில் நிற்கலாமா?

ஆண்டவன் உடுப்பது என்ன?

அவர்களுடைய நூல்களையே அவர்களிடம் காட்டுவோம். சிவன் உடுப்பது புலித்தோல். பிச்சாடனர் கோலத்தில் அதுவும் இல்லை. பட்டியலின்படி பார்த்தால் முதலில் வெளியே நிற்க வேண்டியவர் மூலவரே!

கண்ணப்பர் கதையைப் பெரியபுராணம் கூறுகிறது. வேட்டுவர், செருப்புக் காலோடு இறைவன் கண்ணருகே ஊன்றினார். வாயில் நீர் கொணர்ந்து நீராட்டினார். அவருக்கு அறுபத்துமூவருள் இடம் கொடுத்தீர்கள். அவருடைய வழித்தோன்றலுக்கு வாயிலிலே தடை போடுகிறீர்கள்!

திருவொற்றியூருக்கே வாருங்கள். கடற்கரை ஓரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடம் இருக்கிறது. கடல் வாணிபத்தில் குவித்த செல்வத்தைத் துறந்து கோவணம் ஒன்றோடு திரிந்தவர் என்று நீங்களே கதை சொல்கிறீர்கள். கோவணத்தைப் பட்டியலின் எந்த வரியில் சேர்ப்பீர்கள்? ஏழுகிணற்றிலிருந்து திருவொற்றியூருக்கு நடந்து வந்து வழிபட்டவர் இராமலிங்க அடிகள். ஒற்றை வெள்ளாடை அவருடைய கோலம்.

அதே திருவொற்றியூர்க் கோயிலில் ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுதும் கவசத்தால் மூடப்பட்டிருக்கிறார். கார்த்திகை முழுநிலவை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் கவசம் நீக்கப்படுகிறது. அந்த மூன்று நாட்களில்தான் கூட்டம் அலைமோதுகிறது! ஆண்டவன் கவசம் கழற்றினால் அருட்காட்சி. ஆலைத் தொழிலாளி கைலியில் வந்தால் அருவருப்பா?

கண்ணியம் வேண்டாமா?

'கட்டுப்பாடே கூடாது என்கிறீரா? பொது இடத்தில் கண்ணியம் வேண்டாமா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, நகைத்துத் தள்ளக்கூடாது.

பிறர் வீட்டுக்குப் போகிறோம். வீட்டார் மனம் நோகாமல் நடந்துகொள்வது பண்பு. தேவாலயத்தில் ஆடவர் தொப்பியைக் கழற்றுவார்கள். சீக்கியர் குருத்துவாராவில் தலையை மூடுவார்கள். உரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்தில் தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். இராயபுரத்து மாதா கோயிலுக்குச் செருப்போடு போவோர் உண்டு. அடுத்த தெருக் கோயிலில் செருப்பு வெளியே. ஓரிடத்தில் மூடுவது மரியாதை. வேறோரிடத்தில் திறப்பது மரியாதை. இதிலிருந்து விளங்குவது என்ன? மரியாதை துணியில் இல்லை. மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட வழக்கத்தில் இருக்கிறது. வழக்கம் என்றால் அது மாறும், மாற்றலாம். கட்டளை என்று சொல்லி, காவலரை நிறுத்தி, கதவடைக்கும்போதுதான் அது பண்பு என்ற பெயரை இழந்து ஆதிக்கமாகிறது.

வியப்பு ஒன்று கேளுங்கள். 2014-இல் சேப்பாக்கத்து மன்றம் ஒன்றில், வேட்டி கட்டி வந்த உயர்நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழகம் கொதித்தெழுந்தது. அவ்வாண்டே சட்டமன்றம், பொது இடங்களில் வேட்டியைத் தடுப்போருக்கு ஓராண்டு வரை சிறையும் இருபத்தையாயிரம் ரூபாய்த் தண்டமும் விதிக்கச் சட்டம் இயற்றியது. நல்ல சட்டம், வாழ்த்துகிறோம். ஆனால் நீதிபதியின் வேட்டிக்கு எழுந்த சீற்றம், நெய்தல் நிலத்தான் கைலிக்கு எழவில்லையே! கனவான்கள் மன்றத்தில் துணியைக் கண்டு கதவடைப்பது குற்றமென்றால், கடவுள் மன்றத்தில் அது எப்படிப் புண்ணியமாகும்?

தூய்மை வேண்டும் என்பதும் ஒரு வாதம். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்தில் கச்சா எண்ணெய் பரவியதே, நினைவிருக்கிறதா? கொசத்தலை ஆற்றிலும் கடலிலும் கருமை படிந்தது. மீனவர்கள் வெறுங்கையாலும் குவளையாலும் அந்த எண்ணெயை அள்ளினார்கள். உடல் கருத்தது, உடை கருத்தது, வலை பாழாயிற்று. அந்த உடையோடு ஒருவன் கோயில் வாயிலில் நின்றிருந்தால் அவன் தூய்மையற்றவனா? அந்தக் கறைக்குக் காரணமானோர் வெளுத்த சட்டையும் மடிப்புக் கலையாத காற்சட்டையுமாக வந்தால், பட்டியல் அவர்களை வணங்கி வரவேற்கும்! கறை எங்கே இருக்கிறது என்று காணத் தெரியாத அளவுகோலை வைத்துக்கொண்டு தூய்மையை அளக்கலாமா?

என்ன உடுப்பது?

காண வருவோர்க்கு நம் அறிவுரை எளியது. கலையைக் காண வாருங்கள். கல்லில் உயிர் வடித்த சிற்பியை வாழ்த்த வாருங்கள். நம் நாடு வெப்பநாடு. தளர்ந்த பருத்தி ஆடை உடலுக்கு நலம். சித்திரை வெயிலில் கருங்கற்றளம் காலைச் சுடும். காலையிலோ மாலையிலோ வாருங்கள். சட்டை கழற்றச் சொல்லும் கோயிலும், வேட்டி கேட்கும் கோயிலும் உண்டு என்பதை அறிந்து வாருங்கள்; ஆனால் அறிந்துகொள்வது வேறு, அடங்கிப் போவது வேறு. ஏன் என்று கேளுங்கள். கேட்டவுடன் பதில் வராது. கேட்டுக்கொண்டே இருந்தால் வழக்கம் மாறும். தோள்சீலை அப்படித்தான் தோளுக்கு வந்தது.

இளைஞர்களே, இறுதியாக உங்களிடம் ஒன்று. கோயில் வாயிலில் தொங்கும் பலகையைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பது எளிது. உங்கள் வீட்டு வாயிலில் தொங்கும் பலகையைப் பார்த்தீர்களா? தங்கை சுடிதாருக்கு மேலே துப்பட்டா போடவில்லை என்று கண்ணை உருட்டுகிறவர் யார்? மனைவி இந்த உடையில் கூட்டத்திற்கு வரக்கூடாது என்று கட்டளையிடுபவர் யார்? அவரும் பகுத்தறிவு பேசுகிறவர்தாமே? நம் மேடைகளிலும் கரைவேட்டிக்கு முன்வரிசை, கைலிக்குப் பின்வரிசை என்ற நிலை இல்லை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? ஆலயத்தின் அளவுகோலைப் பிடுங்க முனைவோர், அதே அளவுகோலைத் தம் வீட்டுப் பரணில் பதுக்கி வைத்திருக்கலாகாது.

எண்ணூர்த் தோழர் அந்த வாடகை வேட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, அடுத்து ஒருவர் அதை வாங்கக் காத்துக்கொண்டிருந்தார். அவரும் உழைப்பாளிதான், அவர் உடுத்தியிருந்ததும் துவைத்து உலர்த்திய கைலிதான். தோழர் வேட்டியை அவர் கையில் கொடுக்காமல் ஒரு கணம் நின்றார். "அண்ணே, உங்க துணி இதைவிடச் சுத்தமா இருக்கு" என்றார். அவர் சிரித்தார், ஆயினும் முப்பது ரூபாயை எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினார்.

அந்த முப்பது ரூபாய் என்று மிச்சமாகிறதோ, அன்றுதான் அந்த வாயில் மெய்யாகத் திறந்தது என்று பொருள்.